வண்டிப்பாதை என்று நான் சொன்ன வாய்க்கால்

எங்கள் ஊரில் கையில் கோப்போடு யார் வந்து நின்றாலும் நாங்கள் அழத் தொடங்கிவிடுவோம். வந்தவர் யார், எதற்காக வந்தார் என்பதெல்லாம் அப்புறம். "என்னத்தங்க சொல்றது, தண்ணி இல்ல, வெள்ளாம இல்ல, நெலம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு" என்று ஒருவர் எடுத்துக்கொடுப்பார். மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். இதில் பெரிய கபடம் ஒன்றும் கிடையாது. ஒரு வருடம் மேட்டூரில் தண்ணீர் இருக்காது. அடுத்த வருடம் ஐப்பசியில் வானம் கிழிந்து ஊற்றும். இரண்டுக்கும் நிவாரணக் கணக்கெடுக்க ஆள் வருவார்கள். அன்றைக்கு வாயைத் திறக்காதவன் பெயர் பட்டியலில் ஏறாது. அதனால் வாய் எப்போதும் தயாராக இருக்கும். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்க வந்த பள்ளிக்கூட டீச்சரிடமே எங்கள் தெருக்காரர் ஒருவர் பயிர் கருகிய கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் பிள்ளைகளை எண்ண ஆரம்பித்தார்.

இந்தக் கச்சேரியில் நான்தான் முதல் வரிசை வித்வான். அதற்கு எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. வளைகுடாவில் ஒரு கிடங்கில் காகிதப் பெட்டிகளை அடுக்கி இறக்கி இருபது வருடம் ஓட்டிவிட்டு, பாபநாசத்துக்குப் பக்கத்திலுள்ள சொந்த ஊருக்கே திரும்பி வந்து, ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம் வாங்கி, பேருந்து நிறுத்தத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையும் போட்டவன் நான். நாற்று நடும்போது வரப்பில் வழுக்கி விழுவதுதான் விவசாயத்துக்கு என்னுடைய பங்களிப்பு. ஆனால் அழச் சொன்னால் ஏழு தலைமுறை மிராசுதார் தோற்கவேண்டும்.

அந்த வாய்தான் வினை வைத்தது.

மூன்று கோடைக்கு முன்னால், சித்திரை வெயில். மேட்டு வயலில் உளுந்து எடுத்து முடித்து, காய்ந்த தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்துப் பள்ளத்தில் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்யும் அக்கா ஆடு கட்ட வந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இருபது வருடம் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்துவிட்டு, அந்தக் குத்தகையைப் பிடித்தவர். எங்கள் இரண்டு பேர் வயலுக்கும் நடுவில் வடிவாய்க்கால். மழைக்காலத்தில் மேல்காட்டு வயல்களின் தண்ணீர் முழுக்க அதன் வழியாகத்தான் வடிந்து ஆற்றுக்குப் போகும். சித்திரையில் அது வெறும் பள்ளம். அடியில் டிராக்டர் தடம்.

ஒரு ஜீப் வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஒரு பெண் இறங்கினார், முப்பது வயதிருக்கும். தொப்பி, கையில் டேப்லெட். கூடவே ஒருவர் நீளக் குச்சி மாதிரி ஒரு கருவியோடு.

"வணக்கங்க. ஒரு சர்வே எடுக்கறோம். இங்க என்ன பயிர் பண்ணுவீங்க?"

சர்வே என்ற வார்த்தை போதாதா? அக்கா ஆட்டுக் கயிற்றை விட்டுவிட்டு வந்தார்.

"பயிரா? நல்லாக் கேட்டம்மா. மண்ணப் பாரு. ரெண்டு ஏக்கரு, எழுதிக்க. குத்தகை. போட்டது ஒண்ணும் கைக்கு வரல."

"தரிசுதாங்க," என்றேன் நான். "பரம தரிசு."

அவர் டேப்லெட்டில் தட்டினார். "பறவைங்க எல்லாம் வருமா சார்?"

எந்த நிவாரண அதிகாரி பறவையைப் பற்றிக் கேட்பார்? அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு வேடிக்கைப் பேச்சு வந்துவிட்டால் மூளை ஒதுங்கி நின்று வழிவிட்டுவிடும்.

"பறவையா? இந்த ஊருக்குக் காக்கா வந்தாக்கூட கட்டுச்சோறு கட்டிக்கிட்டுத்தாம்மா வரும்."

அவர் சிரித்துவிட்டார். யாராவது சிரித்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

"கோடியக்கரைக்குப் போவுது பாருங்க, வெளிநாட்டுப் பறவை, அதெல்லாம் எங்க ஊருக்கு மேல வர்றப்ப மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் பறக்கும். எறங்குனா பட்டினின்னு அதுங்களுக்கே தெரியும்."

அவர் மறுபடியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தட்டினார். பிறகு அந்தப் பள்ளத்தைக் காட்டி, "இது பாதைங்களா?" என்றார்.

"வண்டிதான் போவுது. தண்ணி போயி யாரு பாத்தா?" என்றேன்.

அந்த வாரம்தான் என் உளுந்து மூட்டை டிராக்டரில் அந்தப் பள்ளத்தின் வழியாக வீட்டுக்குப் போயிருந்தது. ஆகவே அதில் பாதி நிஜம். முழுப் பொய்யைவிட அதுதான் மோசமாகப் போயிற்று.

ஜீப் கிளம்பியதும் அக்கா, "எப்ப வரும்னு கேட்டீங்களா பாய்?" என்றார்.

"வரும்க்கா. நல்லா எழுதிட்டுப் போயிருக்கு அந்தப் பொண்ணு."

நல்லாத்தான் எழுதியிருந்தார்.

ஆவணியில், சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த நேரம், எங்கள் ஊர்த் தலையாரி ஒரு கட்டுக் காகிதத்தோடு கடைக்கு வந்தார். வி.ஏ.ஓ. ஐந்து பிரதி கேட்டாராம். என் ஜெராக்ஸ் மிஷினுக்கு வயதாகிவிட்டது. ஒரு பக்கம் எடுத்துவிட்டுக் கொஞ்சம் யோசிக்கும். அது யோசிக்கும் நேரத்தில் நான் படிப்பேன். ஊர்க்காரர்களின் பட்டா, பத்திரம், டாக்டர் சீட்டு எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆனது அப்படித்தான்.

கடலோரத்திலிருந்து உள்மாவட்டத்துத் துணைமின் நிலையத்துக்குப் பெரிய மின்பாதை ஒன்று போகிறது. வழியெல்லாம் இரும்புக் கோபுரங்கள். அதற்குக் கடன் கொடுக்கும் வங்கிக்காக எழுதிய சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கைதான் அந்தக் கட்டு. இந்த மாதிரிப் பாதைக்கு அனல்மின் நிலையம், சுரங்கம்போல ஊரைக் கூட்டிப் பந்தல் போட்டுக் கருத்துக் கேட்கவேண்டும் என்ற கட்டாயமெல்லாம் இல்லையாம். நிலத்துக்காரர் யாராவது ஆட்சேபித்தால் கலெக்டர் தரப்பில் விசாரித்து உத்தரவு போடுவார்கள், அவ்வளவுதான். இது எல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு என் கண்ணில் பட்டது தமிழ்ச் சுருக்கத்தின் ஒரு பக்கம். அதில் எங்கள் ஊர்ப் பெயர். அதன் கீழே:

"இப்பகுதி பெரும்பாலும் சாகுபடியற்ற தரிசு என உள்ளூர்வாசிகள் தெரிவித்தனர். காகங்கள் உணவுக்கு வெளியிடங்களைச் சார்ந்துள்ளன. வலசைப் பறவைகள் இங்கு இறங்காமல் கடந்து செல்வதாக அறியப்படுகிறது. கோபுரம் அமையும் இடம் நீரோட்டமற்ற வண்டிப்பாதை."

மிஷின் யோசித்துக்கொண்டிருந்தது. நானும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பறந்த என் பறவை அரசாங்கத் தமிழில் இறங்காமல் கடந்து சென்றிருந்தது. கட்டுச்சோற்றுக் காகம் வெளியிடங்களைச் சார்ந்திருந்தது. என் வாழ்நாளில் என் நகைச்சுவையை இவ்வளவு சிரத்தையோடு யாரும் எழுதி வைத்ததில்லை. வரைபடத்தைப் பிரித்தேன். எங்கள் வடிவாய்க்காலுக்குக் குறுக்கே, அக்காவின் வயல் முக்கில், நாலு கால் வைத்து ஒரு பெட்டி வரைந்திருந்தது. நாலு காலுக்கும் கான்கிரீட், அதைச் சுற்றி மண்மேடு.

கிராம வரைபடத்தைப் பார்த்தாவது தெரிந்துகொண்டிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அதில் வடிவாய்க்கால் உண்டு, வேறு இடத்தில். முன்னொரு வெள்ளத்தில் அது உடைத்துக்கொண்டு தடம் மாறியது. ஊரே மண்வெட்டி பிடித்து அந்தப் புதுத் தடத்தை வெட்டி ஒழுங்கு பண்ணியது. பழைய தடம் மேடாகி, நத்தமாகி, இப்போது அதில் இரண்டு வீடும் ஒரு கிரில் பட்டறையும் இருக்கின்றன. காகிதத்தில் மட்டும் தண்ணீர் பட்டறைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மையில் ஓடும் இடத்துக்குச் சாட்சி எங்கள் வாய் ஒன்றுதான். அந்த வாயைத்தான் நான் சித்திரையில் செலவழித்துவிட்டேன்.

ஆறாவதாக ஒரு பிரதி எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டேன். சாயங்காலம் அக்காவிடம் படித்துக் காட்டினேன். காக்கா வரும்போது சிரிப்பார் என்று ஒரு நப்பாசை. சிரிக்கவில்லை.

"நாலு காலு எங்க வருது?"

காட்டினேன்.

"கார்த்திக மழைக்கு அங்க அடைச்சா மொதல்ல எது முழுவும்?"

பதில் அவருக்கே தெரியும். அந்த இரண்டு ஏக்கரின் சொந்தக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். போன தடவை பயிர் முழுகியபோதே, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நெலத்த விட்டுடுங்க, நாங்க வேற ஏற்பாடு பண்ணிக்கறோம்" என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

"திரும்ப அடுத்தவங்க வயல்ல நாத்துக் கட்டு தூக்கப் போவணும். அம்பத்தெட்டு வயசுல. அதான பாய்? ஒரு காக்காய்க்காவ?"



மறுநாளே ஆட்சேபணை மனு எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் நான் ரொம்பச் சாமர்த்தியமாக, கணக்கெடுக்க வந்த பெண் நாங்கள் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டுவிட்டார் என்று எழுதியிருந்தேன். அக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்தப் பொண்ணு மேல ஏன் பழியப் போடுறீங்க? அது கேட்டத எழுதுச்சு. நீங்க சொன்னத நீங்க சொல்லுங்க. நான் சொன்னத நான் சொல்றேன்."

ஊரில் இதற்குப் பெரிய எதிர்ப்பு. டீக்கடையில் கூடிய கூட்டத்தில் ஒரு பெரிய விவசாயி சொன்னார்: "நாம பொய் சொன்னோம்னு நாமளே எழுதிக் குடுத்தா, நாளைக்கு நெசமாவே காஞ்சு போவுறப்ப எவன் பாய் நம்புவான்?"

அவர் சொன்னது நியாயம். எல்லாரும் தலையாட்டினார்கள், நானும்கூட ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

"இப்ப மட்டும் நம்புறானா?" என்றார் அக்கா. "நெசமா காஞ்சப்பவும் வந்து பாத்துட்டு, இவனுவோ எப்பவும் இப்படித்தான்னு பாதிய வெட்டிட்டுத்தான எழுதுறான்? அதனாலதான நாம ரெண்டு மடங்கா அழுவுறோம்? எனக்கு இந்த அழுவாச்சி போதும். எவன் வராட்டியும் நான் போறேன்."

அதற்குப் பிறகு டீ ஆறிவிட்டது. மனுவில் நாற்பத்தாறு கையெழுத்து விழுந்தது. முதல் கையெழுத்து அக்காவுடையது. எழுத்துக் கூட்டி, நிதானமாக, அடுத்த இரண்டு பேருடைய இடத்தையும் சேர்த்து.

புரட்டாசியில் தஞ்சாவூரில் விசாரணை. கலெக்டர் சார்பில் கோட்டாட்சியர் நடத்தினார், ஒரு அம்மா. அவருக்கு இடப்பக்கம் மின்பாதை நிறுவனத்தின் பொறியாளர், மடிப்புக் கலையாத சட்டையில். அவருக்குப் பின்னால் நம்முடைய டேப்லெட் பெண். என்னைப் பார்த்ததும் அவர் லேசாகச் சிரித்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன்.

"மேடம், இந்த அறிக்கையில ஊர்க்காரங்க சொன்னதா போட்டிருக்கற காக்கா என்னோட காக்காங்க."

"என்னது?"

"நாந்தான் சொன்னேன். பொய்ங்க. தரிசுன்னு சொன்னதும் பொய். வண்டிப்பாதைன்னதும் பொய். வறட்சி நிவாரணத்துக்கு எழுத வந்திருக்காங்கன்னு நெனச்சோம். வழக்கமா அழுவுற மாதிரி அழுதுட்டோம்."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற டவாலிகூட. சாதாரணமாக இந்தச் சிரிப்புக்காக நான் இரண்டு மைல் நடப்பேன். அன்றைக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை.

பொறியாளர் சிரிக்கவில்லை. "மேடம், அறிக்கை முடிஞ்சு பேங்குக்கே போயாச்சு. வாய்மொழியா வந்து மாத்திச் சொல்றத வச்செல்லாம் திருத்த முடியாது. எழுத்துபூர்வமான ஆதாரம் வேணும்."

எனக்குள் ஏதோ ஒன்று சட்டென்று நிமிர்ந்துகொண்டது.

"சார், உள்ள போனதே வாய்மொழிதானுங்களே? அன்னைக்கு எங்கிட்ட ஆதாரம் கேட்டீங்களா? காக்காயோட கையெழுத்து வாங்கினீங்களா? எம் பொய் உள்ள போறப்ப வாய் போதும்; எம் நெசம் உள்ள போறப்ப மட்டும் முத்திரை வேணுமா?"

"இருங்க..."

"சித்திரையில வந்து டெல்டாவப் பாக்குறது, தூங்கறவன எட்டிப் பாத்துட்டு ஊமைன்னு எழுதுற மாதிரிங்க. எங்க பொய்க்கு நாங்க வெக்கப்படுறோம். நீங்க வந்த மாசத்துக்கு நீங்க வெக்கப்படுங்க."

கோட்டாட்சியர் பேனாவை மேசையில் வைத்தார்.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்குப் பொய் சொன்னேங்கறீங்க. இன்னைக்குச் சொல்றது நெசம்னு நான் எத வச்சு நம்பறது?"

வேடிக்கைக்காரனிடம் இருக்கக்கூடிய பெரிய கோளாறு இது: அவசரத்துக்கு அவன் பேச்சைச் சாட்சியாக வைக்க முடியாது.

பின் வரிசையில் அக்கா எழுந்தார். "எங்கள நம்ப வேணாம்மா. கார்த்திகையில வந்து பாருங்க. நாங்க ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டோம். கண்ணால பாத்து எழுதுங்க."

பொறியாளர் ஏதோ சொல்லப் போனார், காலக்கெடு, ஒப்பந்தம் என்று. கோட்டாட்சியர் அவரைப் பார்க்காமலேயே எழுத ஆரம்பித்தார். கள ஆய்வு, கார்த்திகை. அதுவரை அந்த ஒரு கோபுரத்துக்கு வேலை நிறுத்தம்.

வெளியே வந்து படியிறங்கும்போது டேப்லெட் பெண் பக்கத்தில் வந்தார். "சார், நீங்க சொன்னதுல நான் எதையும் மாத்தலை."

"தெரியும்மா. அதான் பிரச்சினையே."

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க சிரிச்சீங்களேம்மா," என்றேன். வெட்கக்கேடான பதில்தான். ஆனால் அன்றைக்கு நிஜம் பேசுவது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

வாயைத் திறக்க மாட்டோம் என்று அக்கா சொல்லிவிட்டார். சொல்வது எளிது. கோப்பைக் கண்டால் அழும் ஒரு ஊரை, ஆளோடு, கோப்போடு, ஜீப்போடு எதிரில் நிறுத்திவைத்துப் பேசாமல் இருக்கச் சொல்வது என்பது, பெருமாள் கோயில் யானையை வாழைப்பழக் கடையில் விரதம் இருக்கச் சொல்வதற்குச் சமம். ஆய்வுக்கு முந்திய நாள் அக்கா வீடு வீடாகப் போய் எச்சரித்தார். என் வீட்டு வாசலில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் மனைவி என் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். பெரிய பெரிய கல்கண்டு.

"என்னங்க, ஜீப்பு கண்ணுல பட்டதும் ஒண்ண வாயில போட்டுக்கங்க. கரையற வரைக்கும் பேசக்கூடாது. கரைஞ்சா அடுத்தது."

"எனக்கு சுகர் இருக்கு."

"வாயும் இருக்குல்ல?"

இரண்டு நாளாக விடாத மழை. அன்று காலையில் தூறலாகக் குறைந்திருந்தது. ஊரே வரப்பில் நின்றது, குடையும் தலையில் கவிழ்த்த உரச்சாக்குக் கொங்காணியுமாக. ஜீப்கள் தார்ச்சாலையிலேயே நின்றுவிட்டன. கோட்டாட்சியர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார். பின்னால் பொறியாளர், டேப்லெட் பெண், வி.ஏ.ஓ.

யாரும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கும்பிட்டதோடு சரி. எங்கள் ஊர் மழைச்சத்தத்தை அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன். அதற்கு முன் எப்போதும் யாராவது பேசிக்கொண்டிருப்போம். அக்காவின் பள்ளத்தில் சம்பா தூர்கட்டி, கணுக்கால் தண்ணீரில் கரும்பச்சையாக நின்றது. அதன் நடுவில் கொக்கும் அரிவாள்மூக்கனுமாக ஒரு பெருங்கூட்டம். அவற்றுக்கு யாரும் பேசக்கூடாது என்று சொல்லவில்லை. இஷ்டத்துக்குச் சத்தம் போட்டன. டேப்லெட் பெண் உதட்டை அசைத்து எண்ணத் தொடங்கினார். விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து.

வடிவாய்க்கால் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. மேல்காட்டு வைக்கோல், வாழைச்சருகு, யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு எல்லாம் மிதந்து போயின.

பொறியாளர் வரைபடத்தை விரித்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். "அந்த வண்டிப்பாதை எங்கங்க?"

ஒருவரும் பேசவில்லை. நாற்பத்தாறு கையெழுத்தும் வானத்தைப் பார்த்தது. என் வாயில் இரண்டாவது கல்கண்டு. பதில் தொண்டை வரை வந்துவிட்டது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பதிலை விழுங்கினேன்.

ஆனால் கால்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே.

அறிக்கைப் பிரதியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர்கள் எழுதிய வண்டிப்பாதையில் இறங்கி நடந்தேன். முதல் எட்டில் முழங்கால். இரண்டாவது எட்டில் இடுப்பு. மூன்றாவதில் நெஞ்சு. அதற்கு மேல் இழுப்பு என்னைத் தூக்கிக்கொண்டது. எனக்கு நீந்தத் தெரியாது என்பது அந்த இடத்தில்தான் ஞாபகம் வந்தது. கைலி அவிழ்ந்து ஒரு பக்கம் கரையில் ஒதுங்கிற்று. உள்ளே அரைக்கால் சட்டை போட்டு அனுப்பியிருந்த மனைவிக்கு நன்றி. கத்தினால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். ஆகவே கல்கண்டைக் கடித்துக்கொண்டு, அறிக்கையை நனையவிடாமல், மௌனமாக அடித்துச் செல்லப்பட்டேன்.

அக்காதான் வயல் முக்கிலிருந்து குனிந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவர் பார்த்த பார்வையில் என் பரம்பரைக்கே வசவு இருந்தது.

"போதும், போதும், மேல வாங்க!" என்று கத்தியது கோட்டாட்சியர். பொறியாளரின் பக்கம் திரும்பி, "இதுல என்ன வண்டி போவும், படகு வண்டியா?" என்றார்.

பொறியாளர் வரைபடத்தில் விரலை நகர்த்திக்கொண்டே போனார். கம்பி போகும் கோட்டை விட்டு விலகாமல், கிழக்கே கொஞ்சம் தள்ளி, விரல் நின்றது.

"மேடம், இங்க வைக்கலாம். மேடு, தண்ணி நிக்காது. இது யாரோட நிலம்?"

இப்போதும் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது. நீர் சொட்டச் சொட்ட, ஒரு கையால் அரைக்கால் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் பக்கம்.

ஒன்றரை ஏக்கர். எந்த மழைக்கும் முழுகாத மேடு. அதற்காகத்தான் ஆசைப்பட்டு வாங்கினேன்.

பொறியாளர் முதல் தடவையாகச் சிரித்தார். கெட்டவர் இல்லை அவர். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் புரிந்தது. "என்ன சார், இதுக்கும் ஆட்சேபணை உண்டுங்களா?"

மனுவை நான் திரும்ப வாங்கிக்கொள்வேன், கோபுரம் பழைய இடத்துக்கே போகும், வாய்க்காலுக்கு ஏதாவது குழாய் போட்டுச் சமாளிக்கலாம் என்று அவர் கணக்குப் போடுவது தெரிந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. தன் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுத்தாலும் அவர் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

கல்கண்டை விழுங்கினேன்.

"எம் மேட்டுல வைங்க சார். கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஆனா மொதல்ல எம் பொய்ய எனக்குத் திருப்பிக் குடுங்க."

"என்ன?"

"இந்த அறிக்கையில வண்டிப்பாதைங்கறத அடிச்சுட்டு வடிவாய்க்கால்னு எழுதணும். தரிசுங்கறத அடிச்சுட்டு சம்பான்னு எழுதணும். அந்தப் பறவையெல்லாம் எண்ணிப் போடணும். காக்காயோட சாப்பாட்ட எடுத்துடணும். அதுல நீங்க கையெழுத்துப் போடணும், நான் இல்ல. அந்தக் காயிதம் எங்க வி.ஏ.ஓ. ஆபீசுக்கு வந்தப்புறம் எம் மேட்டுல கடப்பாறைய எறக்குங்க."

"கோபுரத்தத்தான் மாத்திட்டமே, இனிமே காயிதத்துல என்ன இருந்தா என்ன? ஒரு வரிக்காக மொத்த அறிக்கையையும் திருத்த முடியாதுங்க."

"ஒரு வரிய வச்சுத்தான சார் எங்க வாய்க்காலயே தூர்க்கப் பாத்தீங்க? நாளைக்கு இன்னொருத்தரு வருவாரு, ரோடு போடறேன், குழாய் பதிக்கறேன்னு. உங்க அறிக்கைய எடுத்துப் பாப்பாரு. வண்டிப்பாதைன்னு இருக்கும். நான் அப்ப உயிரோட இருந்தா மறுபடியும் எறங்கி நீந்தணும். எனக்கு நீச்சல் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. பொறியாளர் கோட்டாட்சியரைப் பார்த்தார். அவர் நனைந்த கோப்பில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து, அதை வாய்விட்டுப் படித்தார்: திருத்தம் செய்யப்பட்டு நகல் கிராமக் கணக்கில் சேர்க்கப்பட்ட பின்பே மாற்று இடத்தில் பணி தொடங்கலாம். வாய்க்காலின் தற்போதைய தடத்தை அளந்து வரைபடத்தில் ஏற்றவும்.

அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். "பாய், கைலிய எடுத்துக் கட்டுங்க. பொம்பளைங்க நிக்கறோம்ல."

திருத்தம் வர அடுத்த ஆனி ஆகிவிட்டது. இழுத்தடித்தார்கள். இரண்டு தடவை கடப்பாறையோடு ஆள் வந்தது. இரண்டு தடவையும் மேட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, காகிதம் வந்தால் எழுந்திருக்கிறேன் என்றேன். அந்த நாள்களில் கடையை மனைவி பார்த்துக்கொண்டார். நான் இல்லாதபோது மிஷின் யோசிப்பதே இல்லை என்று ஒரு செய்தியும் சொன்னார். கடைசியில் தலையாரி அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். வடிவாய்க்கால் என்று அச்சில் இருந்தது. ஊரில் வீட்டுக்கு ஒரு பிரதி எடுத்தேன். காசு வாங்கவில்லை, என் பொய்யை நானே அழிப்பதற்கு என்ன காசு?

இப்போது கோபுரம் என் மேட்டில் நிற்கிறது. அசிங்கமாகத்தான் இருக்கிறது. தூறல் போட்டால் கம்பி தேனீக்கூட்டம்போல உறுமும். அதன் குறுக்குச் சட்டத்தில் காக்கா உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது; அவமானப்பட்ட சாதி, மன்னிக்காது. அக்காவின் பள்ளத்தில் அதற்குப் பிறகு இரண்டு சம்பா கண்டாயிற்று. குத்தகை அவர் கையில்தான் இருக்கிறது.

போன சித்திரையில் உளுந்து மூட்டை கட்டி முடித்தேன். வடிவாய்க்கால் வறண்டு, தரை இறுகிக் கிடந்தது. வழக்கம்போல டிராக்டரை அதற்குள் இறக்கச் சொன்னேன். முன்சக்கரம் இறங்குவதற்குள் எதிரில் அக்கா வந்து நின்றார், ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு.

"எங்க போறீங்க?"

"வீட்டுக்குத்தான்க்கா. சும்மாதான கெடக்கு, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

"அது வடிவாய்க்கால் பாய். காயிதத்துல போட்டிருக்கு. நீங்கதான ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தீங்க?"

"அக்கா, சுத்திப் போனா ரெண்டு கிலோமீட்டரு..."

"எவனாவது பாத்துட்டு மறுபடியும் பாதைன்னு எழுதுவான். சுத்திப் போங்க."

சுற்றித்தான் போனேன்.